அரை டிக்கெட்

ஆறு முடிந்த பிறகும் ஒரு வருஷம்
அவனுக்கு ஐந்து வயதுதான், பேருந்துகளில்.
கண்டக்டர் நெருங்கும்போது
முழங்காலை மடக்கிக் குட்டையாவது எப்படி என்று
நானேதான் சொல்லிக்கொடுத்தேன்.
பெண் என்பதால் என் சீட்டு இலவசம்.
அவனுடைய அரை டிக்கெட் மிச்சமானால்
ஒரு பாக்கெட் தயிர்.

நேற்று ஹாரோஹள்ளி தாண்டி
தைலமரத் தோப்புக்குள் செம்மண் தடம்.
நான்கு தடித்த டயர்,
ஆட்டோ மஞ்சளில் புதுப் பெயின்ட்,
கட்டைவிரலால் அழுத்தினால் பாய்கிற வண்டி.
மூன்று சுற்று அறுநூறு ரூபாய்.
பன்னிரண்டு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை என்று
கன்னடத்தில் ஒரு பலகை, ஆங்கிலத்தில் ஒரு பலகை.
எனக்கு இரண்டும் படிக்க வரும்.

விண்ணப்பத்தை நீட்டினார்கள்.
நூல் கட்டிய பேனா.
என்ன ஆனாலும் பண்ணை பொறுப்பல்ல,
எலும்பு, தலை, உயிர் என்று
மளிகைப் பட்டியல் போல ஏழு வரி.
வயது என்ற கட்டத்தில்
ஒன்பதுக்குச் சுழி போட்டவள்
அதை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
பரிதி கவுன்ட்டர் ஓரம்
குதிகாலைத் தூக்கி நின்றான்.
அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கீழே, காப்பாளர் என்று அச்சடித்த கோட்டில்
சம்பளப் பதிவேட்டில் போடுகிற அதே கையெழுத்து.

ஹெல்மெட் பெரியது.
பின்னந்தலையில் என் கைக்குட்டையை மடித்து வைத்தேன்.
அப்போதும் ஆடியது,
குடத்துக்குள் எலுமிச்சம்பழம் மாதிரி.
‘ஏனூ ஆகல்லா மேடம்’ என்றான்
வண்டியோடு ஓடுகிற பையன்.
ஒன்றும் ஆகாது.
அவன் மணிக்கட்டில் ஒரு கயிறு,
மறுமுனை வண்டிச் சாவியில்.
இழுத்தால் இன்ஜின் நின்றுவிடுமாம்.

முதல் சுற்றில் அவன் என்னைப் பார்த்துக் கையாட்டினான்.
இரண்டாம் சுற்றில் கையாட்டவில்லை.
மூன்றாவதில்
உரத்த குரலில் ஒரு பெண்
‘இன்னும் வேகமாப் போடா, வீடியோல தெரியலே’ என்றாள்.

திருப்பத்தில் ஒரு பக்கச் சக்கரங்கள்
தரையை விட்டன.
அவ்வளவுதான் நான் பார்த்தது.
பிறகு செம்மண் தூசி,
தூசிக்குள் ஏதோ உரசும் ஓசை,
பிறகு இன்ஜின் இல்லாத தோப்பு.
ஒரு மைனா கத்தியது; அது ஏன் நினைவிருக்கிறதோ.

வண்டி கவிழவில்லை.
வேலிக் கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருந்தது.
பரிதி சிரித்துக்கொண்டிருந்தான்,
பல்லெல்லாம் மண்.
கயிற்றை விடாமல் இழுபட்ட அந்தப் பையன்தான்
தரையில் உட்கார்ந்து
முழங்கையை ஊதிக்கொண்டிருந்தான்.
தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.
மேலுதட்டில் மீசை என்று சொல்ல ஒன்றும் இல்லை.
‘உனக்கு என்னப்பா வயசு?’
அவன் கவுன்ட்டர் பக்கம் பார்த்தான்.
‘எஷ்டு பேக்கு மேடம்?’ என்றான்.
எத்தனை வேண்டும்.

நூறு ரூபாயை அவன் சட்டைப் பையில் திணித்தேன்.
அதைவிட வேறு எதுவும் அப்போது தோன்றவில்லை.
இப்போதும்.

வீடியோ நாற்பத்தொரு நொடி.
கடைசி ஆறு நொடியில் வானமும் என் செருப்பும்.
அதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் குரல்.
வீட்டில் எல்லோருக்கும் அனுப்பச் சொல்கிறான்.
சத்தத்தை நீக்கி அனுப்ப ஒரு வழி இருக்கிறது.
எனக்குத் தெரியும் அது.

திரும்பும் பேருந்தில் நல்ல கூட்டம்.
கனகபுரா சாலை முழுக்க விளக்குகள்.
கண்டக்டர் என்னிடம் இலவசச் சீட்டைக் கிழித்துத் தந்துவிட்டு
இவனைப் பார்த்தார்.
ஒன்பது, அரை என்று சொல்ல வாயெடுத்தேன்.
பொய் இல்லாத கணக்கு, முதல் தடவையாக.
அதற்குள் பரிதி நிமிர்ந்தான்,
குதிகாலைத் தூக்கினான்.

‘எனக்குப் பன்னிரண்டு முடிஞ்சிருச்சு.
அம்மாவே எழுதியிருக்காங்க.’