நானூறு வயதுக் காதலன்

போடோவிலிருந்து மொஸ்கெனஸ் போக
மூன்றேகால் மணி நேரம்.
முதல் அரை மணி காப்பி விற்பேன்.
பிறகு கடல் ஆட ஆரம்பிக்கும்,
யாருக்கும் காப்பி வேண்டியிருக்காது.
அப்போதுதான் படிப்பது.

பெரிய படிப்பாளி இல்லை நான்.
பயணிகள் மறந்து போகும் புத்தகங்களை
காலி கெட்ச்சப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்,
கைக்கு எது வருகிறதோ அது.
பெரும்பாலும் இரண்டே ரகம்:
அட்டையில் சிறகு முளைத்த ஆண்,
இல்லையென்றால் அட்டையில் பாய் விரித்த கப்பல்.

சிறகுக்காரனுக்கு நானூறு வயது.
அவளுக்கு இருபத்தேழு.
நானூறு வருஷத்தில்
ஒரு முட்டை பொரிக்கக் கற்றிருக்கலாம்.
கற்கவில்லை.
ஏரியைப் பார்த்துத் தாடை இறுக நிற்கிறான்.
அவன் கண்ணில் புயல் என்று
பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறது, எண்ணினேன்.
புயலை நான் வாரம் இரண்டு முறை பார்க்கிறேன்.
அதில் காதல் ஒன்றும் இல்லை,
கவிழ்ந்த சூப் இருக்கிறது.

ஆனாலும் நூற்றெண்பதாம் பக்கத்தில்
அவள் கையுறை ஒன்றைக் கழற்றிக் கொடுக்கிறாள்,
ஒன்றை மட்டும்.
அவன் வாங்கிக்கொண்டு
எந்தக் கையில் போடுவதென்று தெரியாமல்
சும்மா வைத்திருக்கிறான்.
அந்த இடத்தில்
வண்டித்தளத்து மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை.
முட்டை விஷயத்தை மன்னித்துவிட்டேன்.

கப்பல் கதைகள் வேறு மாதிரி.
எட்டு மாதம் கடலில்,
ஒருவனுக்கும் வயிறு புரட்டவில்லை,
பல்வலி இல்லை, காலுறை நனையவில்லை.
வாயில் கத்தி, கையில் கயிறு,
இந்தக் கப்பலிலிருந்து அந்தக் கப்பலுக்குத் தாவல்.
எங்கள் தோர்கில்ஸ்
துறையில் கயிறு வீசினால்
மூன்றாம் முறைதான் மாட்டும்.
இருபத்தாறு வருஷ சர்வீஸ்.
பெண்ணுக்கு அங்கே இரண்டே வேலை:
கரையில் நின்று கைக்குட்டை ஆட்டலாம்,
அல்லது ஆண் வேஷத்தில் ஏறி
நாற்பதாம் பக்கத்தில் தொப்பி பறந்து அகப்படலாம்.
எப்போதும் தொப்பிதான்.
நாடா வைத்த தொப்பி ஒன்று
அந்தக் காலத்தில் யாருக்குமே கிடைக்கவில்லையா?

போன நவம்பரில் தலையணை கனத்தில் ஒன்று வந்தது.
ஓரங்களில் யாரோ பென்சிலால்:
"இந்தக் காற்றில் இந்தப் பாய் கிழிந்திருக்கும்."
"பொய்."
"இதுவும்."
"முப்பது பேர் என்ன தின்கிறார்கள்? சமையல்காரன் எங்கே?"
அதன் கீழே
நன்றாகக் கேட்டீர்கள் என்று
பில் போடும் பேனாவால் எழுதினேன்.
புத்தகத்தில் நான் எழுதியது அது ஒன்றுதான்.

கடைசிப் பதினாறு பக்கம் பிய்ந்து போயிருந்தது.
நாயகன் பாய்மர உச்சியில், கீழே தீ.
இறங்கியிருப்பானா என்று கேட்டேன்.
"தலைப்பே அவன் பேர், இறங்காமல் என்ன"
என்றான் தோர்கில்ஸ்.
"மரம் முழுக்கத் தார் பூசியிருப்பார்கள். கரியாகியிருப்பான்"
என்றான் எஞ்சின் அறை சீவெர்ட்.
இருவரும் ஒரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை,
ஒரு சைக்கிள் தகராறு.
அன்று வேரோய் தீவு தாண்டும்வரை
தாரைப் பற்றிச் சண்டை.

ஜன்னலோரம்
காகிதப் பையை வாயருகே பிடித்திருந்த ஒரு பெண்மணி
கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் போல.
"நான் படித்திருக்கிறேன்.
சமையல்காரன் வருவான்.
கடைசியில்.
ஏணி அவனிடம்தான் இருக்கும்."
மேலே சொல்ல முடியவில்லை அவரால்,
பையைத் திறந்துகொண்டார்.

நான் நம்பவில்லை.
முந்நூறு பக்கம் ஒரு வாணலிகூட இல்லாத கப்பலில்
ஏணியோடு எங்கிருந்து வருவான்?
ஆனால் ஈரத் துணியோடு அவரிடம் போனபோது
காசு வாங்காமல் இஞ்சி பிஸ்கெட் கொடுத்தேன்.

இப்போது பெட்டியில்
சிறகுக்காரனின் இரண்டாம் பாகம் கிடக்கிறது,
அட்டை கிழிந்து, மீன் வாடையோடு.
இன்னும் திறக்கவில்லை.
அவள் கையுறையை
முதல் பாகத்தில் அவன் திருப்பித் தரவேயில்லை.
எழுதியவருக்கு ஞாபகம் இருக்கிறதா, பார்ப்போம்.