காலாவதியான பெர்மிட்டின் பின்பக்கம்

ஜுபைல். இரவு ஷிப்ட், மணி இரண்டே கால்.
திரையில் எட்டு ஆவியாக்கிகளும் பச்சை.
நான் இல்லாத ஓர் உலகத்துக்கு
மந்திர விதிகள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வரைவில் நீர் தீயை வென்றது.
எல்லாக் கதையிலும் அப்படித்தானே என்றான் ரொமெல்,
பதினொரு வருடமாய்ப் பகடை உருட்டி விளையாடுகிறவன்,
அவனுடைய அரக்கர் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை உண்டு.
ஜன்னலைக் காட்டினேன். நான்கு புகைபோக்கிகள்.
இந்த ஊரில் தீ பெற்ற பிள்ளை, நீர்.
கடலைச் சுட்டால்தான் குடிக்கலாம்.
அடித்துவிட்டு எழுதினேன்:
தீயின் மேல் நீரை ஏவுவது
பெற்றவள் மேல் பிள்ளையை ஏவுவது. தடை.

அப்புறம் உப்பு.
ஒரு குடம் நன்னீர் வரவழைத்தால்
மிச்ச உப்பு எங்கே போகும்?
மந்திரவாதிகள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.
மூன்றாம் வரைவில் அதைச் சுமக்க ஒரு கூட்டத்தைப் படைத்தேன்.
சாம்பல் நிறச் சீருடை, பெயர் இல்லை, எண் மட்டும்.
ஒரு வாரம் நன்றாகத்தான் ஓடியது கதை.
பிறகு கம்பெனி பேருந்தில், எனக்கு முன் சீட்டில்,
அதே சாம்பல் நிறம் தலை சாய்த்துத் தூங்கிற்று.
அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

இப்போதைய விதி: அழைத்தவர் உடம்பிலேயே தங்கும்.
நஜ்முதீனைப் பார்த்துத்தான் எழுதினேன்.
மூன்று கோடை பைப்லைனில் நின்றவன்,
சிறுநீரகத்தில் ஏழு மில்லிமீட்டர் கல்.
ஸ்கேன் படத்தை அறையில் எல்லோருக்கும் காட்டினான்
மனை வாங்கியவன் பத்திரம் காட்டுவதுபோல.
நிலம் என்ற பூதத்துக்கு
வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சமால் அடிக்கிற நாளில் வளியும் நிலமும் ஒன்றுதான்,
பல்லிடுக்கில் நறநறக்கும்.
இரண்டையும் பிரித்து எழுத ஒரு மாதம் ஆனது.
இன்னும் சரியில்லை.

அண்ணன் மகள் நன்முல்லை என் ஒரே வாசகி, வயது பதினான்கு.
ஒரு விதியை மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை:
ஆனி பிறந்ததிலிருந்து ஆவணி முடிய,
உச்சி முதல் மூன்று மணிவரை,
வெயிலில் நின்று எந்த மந்திரமும் சொல்லக் கூடாது.
"இதை யார் நம்புவாங்க சித்தப்பா?"
நான் கற்பனை செய்யாத விதி அது ஒன்றுதான்.

ஐந்தாவது,
விசும்பு என்று எழுதி எதிரே கட்டம் காலி.
ரொமெல் ஈதர் என்கிறான்.
நஜ்முதீன் கையெழுத்து என்கிறான்,
"அது இல்லாம இங்க எந்தப் பூதமாவது அசைஞ்சிருக்கா?"
சிரித்தோம். குறித்தும் வைத்தேன்.

போன செவ்வாய் மூன்றாம் யூனிட்டில் வெல்டிங்.
முடித்துவிட்டு எல்லோரும் டீக்குப் போனார்கள்.
சுடலைக்கண்ணு மட்டும் நின்றான். தீக்காவல்.
கடைசிப் பொறி அணைந்த பின்னும் அரைமணி நேரம்
அணைப்பானோடு நின்று பார்க்க வேண்டும்.
எதை என்று கேட்டேன்.
"ஒண்ணும் நடக்கலைங்கிறத, சார்."

ஏழு வரைவிலும் என் நாயகன்
விரல் நுனியில் சுடர் ஏந்தி வந்தவன்.
அவனுக்கு ஒரு நகரம், ஒரு சாபம், செத்துப்போன தம்பி,
எல்லாம் கொடுத்திருந்தேன்.
அவன் சுடரை ஊதிவிட்டுப் போன இடத்தில்
யார் நிற்கிறார் என்று
ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆக, எட்டாம் வரைவு. முதல் வரி:
மந்திரம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள்.

அடுத்த வரி வருவதற்குள் அலாரம்,
ஐந்தாம் ஆவியாக்கியில் வெற்றிடம் குறைகிறது.
காற்றை உறிஞ்சி எடுத்த அந்த ஒன்றுமில்லாமைதான்
கடலை அறுபது டிகிரியிலேயே கொதிக்க வைக்கிறது.
பதினாலு வருடமாய்த் தெரியும் எனக்கு.
பேனாவைக் காதில் செருகி ரேடியோவை எடுக்கிறேன்.
காலிக் கட்டத்தை
அப்படியே விட்டுவிடலாம் போல.