அடியில் ஒரு வரி

சனிக்கிழமை ராத்திரி
எதிர்வீட்டு மர்பி ரேடியோ சொன்னது.
பாபநாசம் அணையின் நீர்மட்டம் வாசிக்கிற அதே குரல்,
ஒரு சொல்லும் இடறவில்லை:
சென்னையில் இருந்த ஆட்சி இப்போது இல்லை.
தெருவில் யாரும் வாசலுக்கு வரவில்லை.
பேசாமலிருக்கப் பழகிக்கொண்ட வருஷம் அது.

திங்கள் காலை
சேரன்மகாதேவி சப்-கலெக்டர் ஆபீஸில்
டபேதார் மந்திரமூர்த்தி முக்காலியில் ஏறினார்.
முதல் மந்திரி படம் இறங்கிற்று.
சுவரில் படத்தின் அளவுக்கு ஒரு வெள்ளை.
படத்துக்குப் பின்னால் குடியிருந்த பல்லி
எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல்
வெள்ளையின் விளிம்பிலேயே நின்றது.
இறக்கியதை எங்கே வைப்பது என்பதற்கு
ஆணை எதுவும் வரவில்லை.
முகம் சுவரைப் பார்க்க,
பழைய அடங்கல் கட்டுகளோடு சாத்திவைத்தார்.

போன வாரம்வரை
ஹெட் கிளார்க் எழுந்து நாற்காலி போட்ட
கரைவேட்டிக்காரர் கோமதிநாயகத்தை
விடியுமுன்னே லாரியில் ஏற்றி
பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்களாம்.
ஏற்றியவர் அவருக்கு சல்யூட் அடித்துவந்த அதே ஏட்டு.
செருப்பை விட்டுவிட்டாரே என்று
லாரிக்குப் பின்னால் ஓடி நீட்டினாராம்.

பதினொரு மணிக்குத் தவசிக்கண் வந்தான்.
கன்னடியன் காலின் கடைமடைக்காரன்.
பிசானம் பால் பிடிக்கிற நேரம்,
முழங்கால் வரை காய்ந்த சேறு.
மடை திறக்க வெள்ளிக்கிழமை ஆணை வந்திருந்தது.
இன்னும் நகல் எடுக்கவில்லை.
கோப்பின் ஓரத்தில் ஹெட் கிளார்க் ஆவுடைநாயகம்
சிவப்பு மையால் எழுதியிருந்தார்:
மேல் ஆணைக்குக் காத்திருக்கவும்.
அந்த நாளில் ணை-க்குத் துதிக்கை உண்டு.
தூக்கிய துதிக்கையோடு அது நின்றது,
ஆசீர்வாதமா அடியா என்று தெரியாமல்.

“இப்பம் எந்த சர்க்கார் தாயி இருக்கு?
அதுகிட்ட போயி கேக்கேன்.”

நான் பதில் சொல்லவில்லை.
தாளைச் செருகினேன், கார்பனோடு மூன்று.
பொருள், பார்வை, பத்தி ஒன்று, பத்தி இரண்டு.
கடைசியில், அடைப்புக்குறிக்குள்,
ஆளுநரின் ஆணைப்படி.

ஒன்பது வருஷமாக அடித்துவந்த வரி.
யார் ஆண்டாலும் இருந்த வரி.
வேஷ்டிக் கரை மாறியபோதும் மாறாதது.
கோலத்துக்குச் சுற்றிலும் இழுக்கிற காவி மாதிரி
அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.
தாள் முடிந்துபோனால்
எத்தனையோ தடவை விட்டிருக்கிறேன்;
யாரும் கேட்டதில்லை.
இத்தனை நாளும் அடியில் படுத்து
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது அது.
சனிக்கிழமை எழுந்து உட்கார்ந்துவிட்டது.

எழுத்தெழுத்தாக அடித்தேன்.
‘மெய்நகல்’ முத்திரையைக் குத்தி
மை காய ஊதி, அவன் கையில் கொடுத்தேன்.
ஆவுடைநாயகம் அப்போது
வெற்றிலை துப்பப் போயிருந்தார்.

கால்வாய் லஸ்கர் வாசிக்கத் தெரியாதவர்.
முத்திரையை வெயிலில் பிடித்துப் பார்த்தாராம்.
மடை ஒரு சாண் ஏறிற்று.

நாலாம் நாள் எனக்குக் குறிப்பாணை.
நிறுத்திவைத்த கோப்புக்கு
எந்த அதிகாரத்தில் நகல் கொடுத்தாய்,
திருமதி இசக்கியம்மாள், விளக்கு.
அந்த ஒரே வரியைத்தான் பதிலாக அடித்தேன்,
அடைப்புக்குறி இல்லாமல்.

ஆவுடைநாயகம் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.
சிரிப்பு வந்து, அதை மீசைக்குள் தள்ளினார்.
அனுப்பத்தான் செய்தார்.

ஊதிய உயர்வு ஆறு மாதம் தள்ளிப்போனது.
கொக்கிரகுளத்திலிருந்து வந்த நகலை
அடிவரைக்கும் வாசித்தேன்.
அந்த வரி இல்லை.
யாரோ ஒருத்தி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று
விட்டிருப்பாள்.