திப்பிலி லோடு

வேலந்தாவளத்தில் வண்டி நின்றால்
நின்றதுதான்.
முன்னால் பதினோரு லாரி,
அதில் ஒன்று கோழி.
கணவாய்க் காற்று அந்த நாற்றத்தை
அள்ளிக்கொண்டு வந்து
என் கேபினுக்குள் கொட்டுகிறது.

புளியமரத்தடியில் ஜொஹராவின் தள்ளுவண்டி.
பலகையில் மலையாளத்தில் ஒரு பெயர்,
அதன் கீழே
யாரோ கரியால் தமிழில் எழுதியது:
பச்ச வடை.

"வடை இல்லைங்க, ஃபலாஃபில்" என்று
முதல் வருசம் எல்லோரையும் திருத்தினாள்.
இப்போது "எத்தனை?" மட்டும்தான்.

ராவுத்தர் வீட்டுப் பெண். பேச்சு தமிழ்,
கணக்கு மலையாளம்,
எண்ணெய் தெறித்தால் அரபியில் வசவு.
ஒன்பது வருசம் குவைத்தில்
யார் வீட்டுச் சமையலறையிலோ நின்ற கால்கள்
இன்னும் உட்காரப் பழகவில்லை.

கொண்டைக்கடலை ராத்திரி முழுக்க ஊறணும்.
வேகவைக்கக் கூடாது;
வெந்த கடலை எண்ணெயில் விழுந்ததும்
பங்கு பிரித்த அண்ணன் தம்பி மாதிரி
ஆளுக்கொரு பக்கம் போய்விடும்.
பச்சையாகவே அரைக்கணும்,
கொரகொரவென்று,
பூண்டு, சீரகம், கொத்தமல்லி கட்டோடு.
கடித்தால் வெளியே செம்மண்,
உள்ளே நாற்றங்கால்.
மேலே எள்ளை அரைத்த சாறு.
கிழித்த குபூஸ் பாதி.

எந்த ஊர்ப் பண்டம் என்று கேட்டேன்.
பாரம் ஏற்றுகிறவன்
வேறென்ன கேட்பான்?

"அந்த வீட்டுல ரெண்டு பேரு" என்றாள்.
எகிப்துக்காரி நக்லா:
இது எங்களுது, கடலையே கிடையாது,
மொச்சை மாதிரிப் பெரும்பயறு,
கறி தொடாத நோன்பு நாளுக்கு
எங்க ஊர்க் கிறிஸ்தவங்க சுட்டதாம்.
பலஸ்தீனத்து டிரைவர் அத்னான்:
கடலைதான், எங்கம்மா கைப்பண்டம்,
வேற எவன் கொடி குத்தி வித்தாலும்
என் வாயில் இறங்காது.
விடிந்தால் சண்டை.
அவர் வாங்கிவந்த கடலையை அவள் ஊறவைப்பாள்,
அவள் சுட்டதை அவர் தின்பார்,
தின்றுகொண்டே மறுப்பார்.
"நான் ரெண்டையும் கத்துக்கிட்டு
ரெண்டு பேருக்கும் தலையாட்டிட்டேன்."

பேரு?
மிளகுக்கு அரபியில் ஃபில்ஃபில்,
அதிலிருந்து வந்ததென்று நக்லா சொல்வாளாம்.
மெய்யோ பொய்யோ.

என்னோடு வந்த கஷாயக் கம்பெனிக் கணக்கர்
அச்சுத வாரியர்
அதுவரை வாயே திறக்கவில்லை.
"ஃபில்ஃபில்லுக்கு முன்னே பாரசீகத்துல பில்பில்,
அதுக்கும் முன்னே இங்க பிப்பலி" என்றார்,
கைக்குட்டையால் விரல் துடைத்தபடி.
"நீங்க ஏத்தி வந்திருக்கிற சாமான்தான்."

திரும்பி என் வண்டியைப் பார்த்தேன்.
கொல்லிமலைத் திப்பிலி,
முப்பத்தெட்டு மூட்டை,
தார்ப்பாய் படபடக்க
ஒன்றும் தெரியாததுபோல் நின்றது.

அப்படியென்றால்
எந்தக் காலத்திலோ இதே கணவாயில்
பில்லில்லாமல் ஒரு சொல்லும் போயிருக்கலாம்,
மாட்டு முதுகில், பிறகு மரக்கலத்தில்.
ஊர் ஊராய்ப் பேர் மாற்றி
காரத்தை வழியிலேயே தொலைத்து
ஒரு பொம்பளையின் பெட்டிக்குள்
துணியோடு துணியாய்த் திரும்பியிருக்கலாம்.

"மிளகே போடறதில்லையே நான்" என்றாள் ஜொஹரா.
தார்ப்பாய்க் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினேன்.
வாரியர் கோழி லாரியை
ரொம்ப அக்கறையாய்ப் பார்க்கத் தொடங்கினார்.
ஒரு பிடி.
தட்டி, மாவில் பிசைந்து, உருட்டி, பொரித்து
மூன்று பேரும் கடித்தோம்.

நன்றாக இல்லை.
இருமல் மருந்தைப் பொரித்த மாதிரி இருந்தது.
அவள் சிரித்த சிரிப்பில்
எண்ணெய் தெறித்தது; திட்டினாள்;
மிச்ச மாவை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போனது.

வரிசை நகர்ந்தது.
கண்ணாடியைத் தட்டினார் அதிகாரி:
"எவிடுந்நா?"

நாமக்கல் என்று சொல்ல வாயெடுத்தேன்.
நாக்கு எரிந்தது.
கையை மட்டும் பின்னால் காட்டினேன்,
மலை, சாலை, புளியமரம், புகை,
எல்லாம் இருந்த பக்கம்.