நாற்பத்தொரு சொல்

புதன்கிழமை, இரவு ஏழு மணி.
பீட்டர்ஹெட் நூலகத்தின் மாடியறையில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருந்தது.
அவரவர் அலுவலகத்திலிருந்து
நோய்ப்பட்ட வாக்கியம் ஒன்றைக் கூட்டி வரச் சொல்லியிருந்தாள்
ஃப்ரேயா டூகிட், எங்கள் ஆங்கில நடை வகுப்பின் ஆசிரியை,
என்னைவிடப் பதினொரு வயது இளையவள்,
ஒரு காதில் மட்டும் கம்மல்.

கால்நடை மருத்துவர் கொண்டுவந்தது ஒரு பசுவைப் பற்றியது.
வினைச்சொல் வந்து சேர்வதற்குள்
பசு செத்துப்போயிருந்தது.
சிரித்தோம்.

என்னுடையது துறைமுக ஐஸ் ஆலையின் விபத்து அறிக்கையில் இருந்தது.
நாற்பத்தொரு சொல். நானே தட்டச்சு செய்தது.

‘வானிலை மோசமாக இருந்தமையால்
இயந்திரக் காப்பு மூடியைப் பொருத்துதல்
மேற்கொள்ளப்படாமல் விடப்பட்டதன் விளைவாக
பணியாளர் ஒருவருக்கு விரல்கள் தொடர்பான இழப்பு
ஏற்பட்டுள்ளமை வருத்தத்துடன் கவனத்தில் கொள்ளப்படுகிறது’
என்கிற மாதிரி.

பலகையில் ஏறியதும் ஆளுக்கொரு கத்தியை எடுத்தார்கள்.
கவனத்தில் கொள்வது யார்? வெட்டு.
வருத்தம் யாருக்கு? வெட்டு.
விரல்கள் தொடர்பான இழப்பா?
மருந்துக்கடை மெர்சர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார்:
எத்தனை விரல்?
இரண்டு.
அப்போ இரண்டு என்று எழுதும்மா.

வாக்கியத்தின் கடைசி நாற்காலி
கனமானவருக்கு, என்றாள் ஃப்ரேயா.
விரல்களைக் கொண்டுபோய் அங்கே உட்காரவைத்தோம்.

பிறகு, எழுவாய் எங்கே என்றாள்.
மூடியைப் பொருத்தாதது யார்?
செயப்பாட்டு வினை என்பது
உள்ளே ஆளிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டு
வீட்டில் யாரும் இல்லை என்பது.
எல்லோரும் காத்திருந்தார்கள்.
எழுவார் எவருமில்லை.

‘ஆலை’ என்றேன்.
ஆலைக்குக் கை இருக்கிறதா என்றார் பசு மருத்துவர்.
‘நாங்கள்’ என்றேன்.
அது சரி, என்று எழுதிக்கொண்டாள்.
அந்த ஒரு சொல்லுக்குள்
மேலாளர் ஸ்ட்ராகனும் நானும் இன்னும் முப்பது பேரும்
முண்டியடித்து நுழைந்துகொண்டோம்.
ஒருவர் முகமும் வெளியே தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு மிஞ்சியது இது:
வானிலை மோசம். நாங்கள் பொருத்தவில்லை மூடியை.
லாக்லன் இழந்தான் இரண்டு விரல்கள்.

அலை, அலை, பாறை.
மெர்சர் கைதட்டினார்.
முதலிரண்டு சொற்களை ஃப்ரேயா இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தாள்.
என்ன ஒரு தொடக்கம், கேளுங்கள்,
ஜன்னலில் காற்று மோதுகிறது.

அன்றைக்குக் காற்றே இல்லை.
பிப்ரவரியில் தப்பித்தவறி வரும் ஒரு செவ்வாய்.
கடற்காகங்கள் தண்ணீரில் தத்தம் நிழலின்மேல் உட்கார்ந்திருந்தன.
சாப்பாட்டு நேரத்தில் கோட் இல்லாமல் படிக்கட்டில் நின்றேன்.
மூன்று படகுகள் காத்திருக்கின்றன, அரவை நிற்கக் கூடாது,
மூடியைக் கழற்றுங்கள் என்று ஸ்ட்ராகன் கத்தியது
அங்கே வரை கேட்டது.
வானிலையை எழுதச் சொன்னதும் அவர்தான்.
நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன்.
பிழை இல்லை.

இரண்டு மணி நேரம், பதினொரு பேர்,
எத்தனை வெட்டு.
பொய்யை மட்டும் ஒருவரும் தொடவில்லை.
அதுதான் இருந்ததிலேயே
நன்றாக எழுதப்பட்டிருந்தது.

எழுந்துபோய்க் கையாலேயே துடைத்தேன்.
உள்ளங்கை நீலமாயிற்று.
ஸ்ட்ராகன் கழற்றச் சொன்னார் மூடியை, அமைதியான ஒரு நாளில்.
லாக்லன் இழந்தான் இரண்டு விரல்கள்.
வானிலை என்று எழுதினேன் நான்.

ஃப்ரேயா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
கனமானது கடைசியில் வரவில்லையே,
தாளமும் நொண்டுகிறது, என்றாள்.
பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.
மார்க்கரை மூடிவைத்தாள்.

கீழே நூலகர் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தார்.
நாளை எட்டரைக்கு அலுவலகம்.
பத்து விரலாலும் தட்டச்சு செய்கிறவள் நான்.