மூச்சு வலயம்

முரசுமோட்டை ஆலையில்
காலை ஆறே முக்காலுக்கு
கஜந்தினியின் இடுப்பில் பம்பியைக் கட்டுகிறேன்.
நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் காற்று.
குழாய் முதுகால் ஏறி, தோளால் இறங்கி,
சட்டைக் கழுத்தில் ஒரு கிளிப்பில் நிற்கிறது.
"கதைக்கிறதும் இதிலை பதியுமோ?"
இல்லை, தூசு மட்டும்.
"அப்ப நல்லது. முதலாளியைப் பற்றிக் கொஞ்சம் இருக்கு."

கையேடு சொல்கிறது:
மூச்சு வலயமாவது
மூக்குக்கும் வாய்க்கும் முன்னால்
முப்பது சென்ரிமீற்றர் ஆரையில் ஓர் அரைக்கோளம்.
எழுதியவர்கள் ஏழு நாட்டவர்.
குவோப்பியோவில் ஒருவர், லைப்சிக்கில் இருவர்,
மற்றவர்களின் ஊர்களை எனக்கு உச்சரிக்க வராது.
"அருகில்" என்ற சொல்லை வெட்டி
"முப்பது" என்று இட்ட நாளில்
யாரோ ஒருவர் அடிமட்டத்தை எடுத்துத்
தன் மூக்கின் முன் பிடித்துப் பார்த்திருப்பார்.
எனக்கு அவரைப் பிடிக்கும்.

உமியை எரித்தால் சாம்பல்.
சாம்பலைக் கழுவி, காய்ச்சி, அரைத்தால்
பாலிலும் வெள்ளையாய் ஒரு மா.
ஒரு தலைமயிரின் தடிப்பை
ஐயாயிரமாய்ப் பங்கிட்டால் ஒரு பங்கு, ஒரு துணிக்கை.
பெயின்ருக்குள் போகும், ரயருக்குள் போகும்,
லொறியேறிக் கொழும்புக்குப் போகும்.
போகாத மிச்சம்
கஜந்தினியின் இமைமயிரில்.

மணல்தானே, என்கிறார் முதலாளி,
மணலில் விளையாடாத பிள்ளை உண்டோ?
மணலை மூக்கு வாசலிலேயே மறிக்கும், ஐயா.
இதை மறிக்குமோ தெரியாது.
தெரியாது என்பதை
எட்டு மணித்தியாலம் உறிஞ்சி
ஒரு வட்டத்தாளில் சேர்த்து
குளிர்ப்பெட்டியில் வைத்து அனுப்புவதுதான் என் உத்தியோகம்.

பத்து நாற்பதுக்கு ஊரியான் பக்கம் சத்தம்.
கண்ணிவெடி எடுப்பவர்கள்
ஒன்றை இருந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள்.
ஒருவரும் நிமிரவில்லை.
கூரைத் தகரம் மட்டும் நடுங்கி
நாலு வருசச் சாம்பலை உதிர்த்தது.
எண்ணும் கருவியின் கோடு
தாளை விட்டு மேலே போய்விட்டது.

இரவு இல்மாரியின் மின்னஞ்சல்:
10.41இல் ஒரு சிகரம், வழு போலிருக்கிறது, நீக்கலாமா?
எழுதினேன்: வெடி. தகரம். சாம்பல்.
நீக்க வேண்டாம்.
அந்நேரமும் அவள் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இன்னொன்றை அன்று எழுதவில்லை.

பன்னிரண்டே காலுக்குத் தங்கச்சிக்காரி
ஓட்டோவில் பிள்ளையைக் கொண்டுவந்தாள்.
கஜந்தினி முகத்தைக் கழுவினாள், கழுத்தைத் துடைத்தாள்,
தலைத்துண்டை உதறினாள் (உதறாதே என்று
சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன்),
உமிமூட்டைகளின் பின்னால் போய் இருந்து
பால் கொடுத்தாள்.
இடைவேளையில் பம்பியைக் கழற்றலாம் என்கிறது கையேடு.
நான் கழற்ற மறந்தேன்.
மறந்தேன் என்றுதான் பிறகு எழுதினேன்.

அவள் மூக்கிலிருந்து பிள்ளையின் மூக்குக்கு
கண்மட்டத்தில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று.
பம்பி இரைந்தது. பிள்ளை அதன் தாளத்துக்குக்
கால் பெருவிரலை ஆட்டியது.

படிவத்தில் தொழிலாளர் இலக்கம் ஏழு, வயது இருபத்தாறு,
முகமூடி: உண்டு, இல்லை, சிலவேளை.
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்:
"12.15 முதல் 12.35 வரை வலயத்துக்குள் இன்னொருவர்.
வயது ஏழு மாதம்."

மூன்று கிழமையாய்ப் பதில் இல்லை.
பெரும்போக மழை தொடங்கி
வடிதாள்களில் பூஞ்சணம் பிடித்த பின் வந்தது.
ஏழு நாடும் திரையில் கூடி
நாற்பது நிமிடம் கதைத்திருக்கிறார்கள்.
அட்டவணையில் புதிய நிரல் ஒன்று திறந்திருக்கிறது.
தலைப்பில் இன்னும் உடன்பாடு இல்லை.

"என்னவாம்?" என்றாள் கஜந்தினி,
கையை உயர்த்தி, பம்பிக்கு இடம் விட்டு.
இன்னும் பேர் வைக்கேல்லையாம்.
"ஆருக்கு? இவனுக்கோ? முப்பத்தொண்டிலையே வைச்சாச்சு."
இல்லையக்கா, நிரலுக்கு.

சிரித்தாள். கிளிப் கழன்று விழுந்தது.
எடுத்து, துடைத்து,
கொஞ்சம் கீழே மாட்டினேன்,
பிள்ளையின் தலை வருகிற இடத்தில்.