ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு

கணக்கு எழுதுவது என் தொழில்.
நோட்டின் நடுவே கோடு போட்டேன்.

இடப்பக்கம் புதியது.
பதினோரு கோடி துக்ரிக், ஆறு வருடத் தவணை.
ஷோரூமில் வெயில்கூட அனுமதி கேட்டுத்தான் வருகிறது.
விற்பனைப் பெண் இருக்கையின் பிளாஸ்டிக் உறையை
தூங்கும் குழந்தையின் போர்வைபோல் விலக்கிக் காட்டினாள்.
வாசல் தாண்டி முன்சக்கரம் தெருவைத் தொட்டதுமே
இரண்டு கோடி ஆவியாகிவிடும்.
அவள் அதைச் சொல்லவில்லை,
நான் எழுதிக்கொண்டேன்.

வலப்பக்கம் பழையது.
தா ஹூரே சந்தையில், நிலக்கரிப் புகைக்குக் கீழே,
மூக்கோடு மூக்கு உரச நின்ற நூற்றுக்கணக்கான ப்ரியஸ்களில் ஒன்று.
ஜப்பானில் யாரோ பதினான்கு வருடம் ஓட்டியது.
கப்பலேறி, ரயிலேறி, கோபியைக் கடந்து வந்தது.
தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது.
காசு கொடுக்கிறோமே.
ஜிக்ஜித் பனியில் மல்லாந்து படுத்து அடிவயிற்றைத் தட்டினான்.
குதிரை வாங்குகிறவனின் முகம் அப்போது அவனுக்கு.
"துரு இல்லை" என்றான், மூச்சு புகையாக.
மீட்டரைத் திருப்பியிருப்பார்களா?
விற்றவர் ஓச்சிர்பத் வானத்தின் மேல் சத்தியம் செய்தார்.
அன்று வானமே தெரியவில்லை.

ஒரு கோடியே அறுபது லட்சம்.
எண்ணிக் கொடுத்தோம்.
நான்கு சக்கரங்களிலும் ஜிக்ஜித் பால் தெளித்தான்.
துடைப்பதற்குள் உறைந்துவிட்டது.

சாவி திருப்பினால் ஒரு பெண்குரல் பேசும்.
ஜப்பானிய மொழியில், ஒரே வாக்கியம், மெத்தென்று.
தெருவில் பாதிக் கார்கள் இப்படித்தான் பேசுகின்றன,
யாருக்கும் புரிவதில்லை.
பத்திரமாகப் போய் வா என்கிறாள் என்று ஜிக்ஜித் சொன்னான்.
நானும் தினமும் தலையசைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஸ்டியரிங் வலப்பக்கம். சாலையும் வலப்பக்கம்.
லாரியை முந்த வேண்டுமானால்
எதிரே வருவது எனக்குத் தெரியாது.
இடது இருக்கையில் இருப்பவன் எட்டிப் பார்த்து
"போ" என்பான். போவேன்.
"இரு" என்பான். இருப்பேன்.
கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில்
நான் மறுபேச்சில்லாமல் கேட்ட இரண்டே சொற்கள்.
அவன் சுரங்க வேலைக்குத் தெற்கே போகும் பதினைந்து நாளும்
ஏதாவதொரு லாரியின் பின்னாலேயே ஊர்ந்து போகிறேன்,
அதன் சேற்றுக்காப்பில் எழுதியதைப் படித்துக்கொண்டு.
புதுக் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம்.
பக்கத்தில் யாரும் தேவையில்லை.
இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

மூன்றாவது குளிர்காலம், மைனஸ் முப்பத்தெட்டு.
பேட்டரி செத்தது.
கீழ்வீட்டுப் பத்கேரெல் தன் புதுக் காரிலிருந்து
கம்பி இழுத்து மின்சாரம் தந்தான்.
சிரிக்கவில்லை, அதுவே கொஞ்சம் வலித்தது.
மாற்று பேட்டரி நாற்பது லட்சம்.
அதுவும் பழையதுதான்,
அடிபட்ட வேறொரு காரின் வயிற்றிலிருந்து.
வலப்பக்கத்தில் எழுதிக் கூட்டினேன்.
இன்னும் இடப்பக்கத்துக்கு எட்டாத தூரம்.

சப்போரோவில் படித்த நந்தினை ஒருநாள் ஏற்றிச் சென்றேன்.
குரல் வழக்கம்போல் வாழ்த்தியது.
அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.
"சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை. அவ்வளவுதான்."

மூன்று வருடமாக நான் தலையசைத்தது இதற்கு.
ஜிக்ஜித்திடம் சொல்லவில்லை.

போன வாரம் விற்றுவிட்டோம்.
ஓட்டுநர் உரிமத்தின் மை காயாத ஒரு பையன்,
தோளில் பல் மருத்துவக் கல்லூரிப் பை.
துருவைப் பார்த்தான், டயரை உதைத்தான், விலை பேசினான்.
பத்து லட்சம் கேட்டான், ஐந்து குறைத்தேன்.
சாவியைத் திருப்பினான்.
குரல் பேசியது.
"அக்கா, இது என்ன சொல்கிறது?"

பத்திரமாகப் போய் வா என்கிறது, என்றேன்.
அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.